பலூனில் ஏற்றும் முன்: எக்ஸ் கதிர்த் தளவிளைவுமானியை காலிபரேட் செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக பெங்களூருக்கு வந்திருக்கிறீர்கள். எக்ஸ் கதிர் வானியல் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பெட்டியைக் காட்டி, "இதை காலிபரேட் பண்ணணும், ஆரம்பிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெட்டிதான் தளவிளைவுமானி: வரும் எக்ஸ் கதிரின் மின்புலம் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கிறது (இதுதான் தளவிளைவு, polarisation) என்று அளக்கும் கருவி. காலிபரேட் செய்வது என்றால், தன்மை தெரிந்த கதிரைக் காட்டி அது சொல்வதைச் சரிபார்ப்பது. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இயற்பியல் அடிப்படை தெரிந்திருந்தால் போதும். மீதியை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் துறை பெங்களூருக்குப் புதிதல்ல. 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி58 ஏற்றிச் சென்ற எக்ஸ்போசாட் செயற்கைக்கோளின் முதன்மைக் கருவி போலிக்ஸ். அது சதாசிவநகரில் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. 8 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை (இனி கேஈவி) தளவிளைவை அளப்பது அதன் வேலை. நாம் பேசப்போவது செயற்கைக்கோள் அல்ல, சுமார் 40 கிலோமீட்டர் உயரத்தில் பலூனில் தொங்கும் கருவி. தத்துவம் ஒன்றுதான். தொல்லைகள் மட்டும் வேறு.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

நடுவில் பெரிலியம் தண்டு ஒன்று. அதன் நான்கு பக்கமும் டிடெக்டர்கள். இந்த வகைப் பலூன் கருவிகளில் காட்மியம் ஜிங்க் டெல்லூரைடு டிடெக்டர்களைப் போடுவதுண்டு. எக்ஸ் கதிர் ஃபோட்டான் முன்பக்கமாக வந்து, தண்டில் மோதிச் சிதறி, ஏதோ ஒரு பக்க டிடெக்டரில் விழுகிறது. ஃபோட்டானின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறதோ, அதற்குச் செங்குத்தான திசையில் சிதறும் வாய்ப்பு அதிகம். ஆயிரக்கணக்கான ஃபோட்டான்கள் எந்தெந்தக் கோணத்தில் சிதறின என்று வரைபடம் போட்டால், தளவிளைவுள்ள கதிருக்கு 180 டிகிரிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் வளைகோடு கிடைக்கும். ஏற்ற இறக்கத்தின் அளவு தளவிளைவு எத்தனை சதவீதம் என்று சொல்லும். மேடு இருக்கும் கோணம் தளவிளைவின் திசையைச் சொல்லும்.

முழுக்கத் தளவிளைவடைந்த கதிருக்கு இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதுதான் மாடுலேஷன் காரணி. அதிகபட்ச எண்ணிக்கையிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நடைமுறைக் கருவிகளில் அது 1-ஐத் தொடாது. இந்தக் கட்டுரை முழுவதும் 0.5 என்றே வைத்துக்கொள்வோம்.

புதிதாக வருபவர்கள் மாடுலேஷன் காரணியை அளந்துவிட்டால் காலிபரேஷன் முடிந்தது என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது வேலையில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, தளவிளைவே இல்லாத கதிரைக் காட்டினால் கருவி என்ன சொல்கிறது என்று கண்டுபிடிப்பதில் போக வேண்டும். ஏன் என்று போகப்போகப் புரியும்.

முதலில் காகித வேலை

கதிரியக்க மூலங்களைத் தொடும் முன் உங்கள் ஆய்வகத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். மூலங்களை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு. உடலில் படும் கதிர்வீச்சின் அளவைப் பதியும் டிஎல்டி பேட்ஜ் உங்கள் பெயரில் வரும் வரை காத்திருங்கள். "நண்பனோட பேட்ஜ மாட்டிக்கறேன்" என்பதெல்லாம் வேண்டாம். எடுத்த நேரம், திருப்பி வைத்த நேரம், கையெழுத்து, எல்லாமே பதிவேட்டில் ஏற வேண்டும்.

பெரிலியத்துக்குத் தனி எச்சரிக்கை. திடமாக இருக்கும் வரை பயமில்லை. அதன் தூளை சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆபத்து. தண்டு கொஞ்சம் நீளம் என்று ராவிவிட நினைக்காதீர்கள். பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம்மூர் அண்ணன்கள் அலுமினியம், பித்தளை, ஈயம் எல்லாவற்றையும் அழகாகக் கடைந்து தருவார்கள். பெரிலியத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. விவரம் தெரிந்த பட்டறைக்காரர் அவரே, "தம்பி, அத எடுத்துட்டுப் போயிடுப்பா" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். ஒத்திகைக்கு அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் தண்டு செய்துகொள்ளுங்கள். பொருத்துவது, கழற்றுவது, நேர்ப்படுத்துவது எல்லாம் அதில் பழகலாம்.

ஆற்றல் அளவுகோல்

டிடெக்டர் சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும், அவைதான் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலும் எந்த ஆற்றலுக்கு எந்த எண்ணைக் காட்டுகிறது என்று தெரிய வேண்டும். அமெரிசியம்-241 தரும் 59.5 கேஈவி கோடு (நிறமாலையில் அந்த ஆற்றலில் எழும் கூர்முனை) உங்கள் நெருங்கிய நண்பன். அரை ஆயுள் 430 ஆண்டுகளுக்கு மேல், ஆகவே உங்கள் ஆய்வுக்காலத்தில் அது மங்கப்போவதில்லை. காட்மியம்-109 22 கேஈவி பக்கமும் 88-லும் கோடு தரும். கோபால்ட்-57 14.4-லும் 122-லும் தரும். ஆனால் கோபால்ட்-57இன் அரை ஆயுள் 272 நாள்தான். அலமாரியில் பழைய மூலம் இருக்கிறது என்று நம்பித் திட்டம் போடாதீர்கள், முதலில் தேதியைப் பாருங்கள்.

மூலத்தைச் சுற்றி ஈயம் வைத்தால் நிறமாலையில் 75, 85 கேஈவி அருகே யாரும் கூப்பிடாத கோடுகள் தலைகாட்டலாம். 88 கேஈவிக்கு மேற்பட்ட ஃபோட்டான் ஈயத்தில் பட்டால், ஈயம் தன் சொந்த எக்ஸ் கதிரை வெளியிடும். அதனால்தான் ஈயத்துக்கு உட்புறம் வெள்ளீயத் தகடும், அதற்கும் உட்புறம் செம்புத் தகடும் வைக்கிறார்கள். ஈயம் வெளியிடுவதை வெள்ளீயம் பிடிக்கும், வெள்ளீயம் வெளியிடும் 25 கேஈவியைச் செம்பு பிடிக்கும். செம்பு வெளியிடுவது 8 கேஈவி; பலூன் கருவிக்கு அது கணக்கிலேயே வராது.

இந்த வேலை சலிப்பானது, அதிகம் சொல்லவும் ஒன்றுமில்லை. எல்லா பிக்சலையும் செய்யுங்கள். இரைச்சல் அதிகமுள்ள பிக்சல்களைப் பட்டியலிட்டு அணைத்து வையுங்கள். அந்தப் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த கட்டத்துக்கு வேண்டும்.

சுழி எங்கே இருக்கிறது

மளிகைக் கடைக்காரர் காலித் தட்டை வைத்து தராசு சுழியைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பருப்பை நிறுப்பார். நமக்கும் அதே வேலைதான். ஒரு சிக்கல் என்னவென்றால், இந்தத் தராசு ஒருபோதும் சுழியைக் காட்டாது.

காரணம் கணிதத்தில் இருக்கிறது. ஏற்ற இறக்கத்தின் வீச்சு எப்போதும் நேர்க்குறி எண். தளவிளைவு துளியும் இல்லாத மூலமாக இருந்தாலும், எண்ணிக்கையில் வரும் இயல்பான தடுமாற்றமே ஒரு வீச்சைக் காட்டிவிடும். 10,000 நிகழ்வுகள் சேர்த்தால் சராசரியாக 1.8 சதவீத வீச்சு சும்மாவே வரும். இதற்கு ஒரு வரம்பு உண்டு. 4.29-ஐ நிகழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். தளவிளைவில்லாத மூலம் தற்செயலாக அந்த வீச்சைத் தாண்டும் வாய்ப்பு 1 சதவீதம் மட்டுமே. 10,000 நிகழ்வுக்கு அது 4.3 சதவீதம். வரம்பை 1 சதவீதத்துக்குக் கொண்டுவர 1,84,000 நிகழ்வுகள் வேண்டும். அரை சதவீதத்துக்கு அதைப்போல் நான்கு மடங்கு. மாடுலேஷன் காரணி 0.5 என்றால், வீச்சில் 1 சதவீதப் பிழை தளவிளைவில் 2 சதவீதப் பிழையாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மூலத்தை வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து முடிவு பார்க்கும் வேலை இல்லை இது. இரவு முழுக்க ஓட விடுங்கள். யுபிஎஸ் பேட்டரியை அதற்கு முன் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பெங்களூர் மின்சாரத்தை நம்பி நீண்ட ஓட்டம் போடுவது துணிச்சல்தான்.

அடுத்து, எந்த மூலம்? கதிரியக்க மூலத்திலிருந்து நேராக வரும் கதிருக்குத் தளவிளைவு கிடையாது. அதைத்தான் எடுக்க வேண்டும். எக்ஸ் கதிர்க் குழாயை நேராகக் கருவிக்குக் காட்டி அதைத் தளவிளைவற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எலக்ட்ரான்கள் ஒரே திசையில் ஓடிவந்து உலோகத்தில் மோதி நிற்கும்போது வரும் கதிரில் ஓரளவு தளவிளைவு இருக்கும். வேறு வழியே இல்லையென்றால், குழாயை ஒரு நிலையில் ஒருமுறையும், கற்றையை அச்சாகக் கொண்டு 90 டிகிரி திருப்பி இன்னொருமுறையும் ஓட்டி, இரண்டையும் சம எடையில் கூட்டுங்கள்.

மூலத்தை எங்கே வைப்பது? விண்மீனின் கதிர் இணையாக வரும். மேசை மேல் அரை மீட்டர் தூரத்தில் வைத்த மூலத்தின் கதிர் விரிந்து வரும். முடிந்தவரை தள்ளி வையுங்கள். ஆய்வக நடைபாதையைக் கேட்டு வாங்கினாலும் தப்பில்லை. 10 மீட்டர் தூரத்தில் 59.5 கேஈவி கதிரில் ஐந்தில் ஒரு பங்கு காற்றிலேயே போய்விடும். தூரத்தின் இருமடிக்கு ஏற்ப எண்ணிக்கையும் குறையும். அதனால் ஓட்டம் இன்னும் நீளும். வேறு வழியில்லை.

அப்புறம் அறையைச் சுற்றிப் பாருங்கள். கருவிக்கு ஒரு பக்கம் மட்டும் இரும்பு பீரோ நின்றால், அதில் பட்டுத் திரும்பும் ஃபோட்டான்கள் அந்தப் பக்க டிடெக்டரை மட்டும் நிரப்பும். பீரோவை நகர்த்துங்கள். நகராதென்றால் கருவியை நகர்த்துங்கள். மூலத்தை எடுத்துவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அதே அளவு நேரம் வெறும் பின்னணியையும் பதியுங்கள். பின்னணியிலும் மேடுபள்ளம் இருக்கும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான சுழி.

இப்போது வளைகோட்டைப் பாருங்கள். 360 டிகிரிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் வடிவம் தெரிந்தால், கற்றை தண்டின் நடுவில் விழவில்லை என்று அர்த்தம். ஒரு பக்க டிடெக்டருக்கு அது நெருக்கமாக இருக்கிறது. கருவியை அதன் அச்சில் சுழற்றிக்கொண்டே பதிவு செய்தால் பிக்சலுக்குப் பிக்சல் உள்ள வேறுபாடும், நீங்கள் அணைத்து வைத்த பிக்சல்களின் ஓட்டைகளும் சராசரியில் கரைந்துவிடும். கற்றை விலகியிருப்பது மட்டும் கரையாது. கருவி சுழன்றாலும் கற்றை அதே பக்கம்தானே விலகி நிற்கிறது? விலகல் சிறியதாக இருக்கும்வரை 360 டிகிரி வடிவம் மட்டுமே வரும், அதைப் பிரித்துவிடலாம். பெரிதானால் 180 டிகிரி வடிவத்துக்குள்ளும் கசியும். அதுதான் பொய்த் தளவிளைவு.

அதனால் மூலத்தை வேண்டுமென்றே நகர்த்துங்கள். 1 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் என்று இடமும் வலமும், மேலும் கீழுமாக. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வடிவங்களின் வீச்சையும் குறித்து ஒரு வரைபடம் தயாரியுங்கள். பறக்கும்போது கோண்டோலா (பலூனுக்குக் கீழே கருவியைச் சுமக்கும் சட்டகம்) ஆடும். குறி எவ்வளவு விலகினால் எவ்வளவு பொய் வரும் என்பதற்கு அப்போது இருக்கும் ஒரே சாட்சி இந்த வரைபடம்தான். இதற்கு நேரமில்லை என்று யாராவது சொன்னால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தளவிளைவுள்ள கற்றையை நாமே செய்வது

சார்லஸ் பார்க்லா 1906-ல் எக்ஸ் கதிருக்குத் தளவிளைவு உண்டு என்று காட்டிய வழி இன்றும் நம் மேசையில் இருக்கிறது: இரண்டு முறை சிதற விடுவது. முதல் சிதறல் கதிரைத் தளவிளைவுள்ளதாக ஆக்கும், இரண்டாவது அதை அளக்கும்.

அமெரிசியம் மூலத்துக்கு முன்னால் ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டை வையுங்கள். அதிலிருந்து சரியாக 90 டிகிரியில் சிதறும் கதிரை மட்டும் கோலிமேட்டர் (ஒரே திசைக் கதிரை மட்டும் விடும் துளை) வழியாகக் கருவிக்குள் விடுங்கள். நேர்க்கதிர் கருவியைப் பார்க்கவே கூடாது, நடுவில் ஈயச் சுவர் வேண்டும். சரியாக 90 டிகிரி என்றால் தளவிளைவு 99 சதவீதத்தை ஒட்டி வரும். 80 டிகிரியில் 93 ஆகும், 70 டிகிரியில் 79-க்கு இறங்கிவிடும். எண்ணிக்கை போதவில்லை என்று கோலிமேட்டர் துளையை அகலப்படுத்தும் ஆசை வரும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டு தடிமனாக இருந்தால் ஃபோட்டான் அதற்குள்ளேயே இரண்டு மூன்று முறை சிதறி வெளிவரும். அதுவும் தளவிளைவைக் கெடுக்கும். எதுவானாலும் கற்றையின் தளவிளைவை 100 என்று எடுத்துக்கொள்ளாமல், உங்கள் துளை அளவையும் துண்டின் தடிமனையும் போட்டுக் கணினியில் கணக்கிட்டு வகுங்கள்.

நிறமாலையில் 59.5-ஐத் தேடி ஏமாறாதீர்கள். 90 டிகிரி சிதறலில் ஃபோட்டான் ஆற்றலை இழக்கும். முதல் சிதறலுக்குப் பிறகு அது 53.3 கேஈவி. பெரிலியம் தண்டில் மறுபடி 90 டிகிரி சிதறிய பிறகு 48 கேஈவி பக்கம் வரும். கோணங்கள் பரவியிருப்பதால் கோடு மெலிதாக இராது, ஒரு மேடாகத்தான் தெரியும். அந்த மேடு 48-ஐ ஒட்டி நிற்கிறது என்றால் உங்கள் வடிவமைப்பு சரி.

திசையையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். மூலம், பிளாஸ்டிக் துண்டு, கருவி மூன்றும் கிடைமட்டமாக ஒரே மேசையில் இருக்கட்டும். மின்புலம் அந்தத் தளத்துக்குச் செங்குத்து, அதாவது மேலும் கீழுமாக அதிர்கிறது. அதனால் கருவிக்குள் இடது, வலது டிடெக்டர்களில்தான் எண்ணிக்கை கூட வேண்டும். மேலும் கீழும் கூடினால் கணினியில் ஏறும் முன் கேபிள்களைப் பாருங்கள். டிடெக்டர் பலகைகளின் வரிசை மாறியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பிறகு மூலத்தையும் துண்டையும் சேர்த்து, கற்றையை அச்சாகக் கொண்டு 30, 45, 60, 90 டிகிரி திருப்பி ஒவ்வொன்றிலும் பதியுங்கள். நீங்கள் 45 திருப்பினால் வளைகோட்டின் மேடும் 45 நகர வேண்டும். மாடுலேஷன் காரணி எல்லாக் கோணத்திலும் ஒன்றாகவே வர வேண்டும். வராவிட்டால் பழியைக் காரணி மேல் போடாதீர்கள், சுழியைச் சரியாக எடுக்கவில்லை என்று பொருள். முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

ஆய்வகத்துக்கு நேரம் கிடைத்தால் சிங்க்ரோட்ரான் கற்றையில், அதாவது வளையத்தில் வேகமாகச் சுற்றும் எலக்ட்ரான்கள் தரும் எக்ஸ் கதிரில், அளப்பது இன்னும் நல்லது. நம் நாட்டில் இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது. சுற்றுப்பாதைத் தளத்தில் வரும் கற்றைக்குத் தளவிளைவு இயல்பிலேயே மிக அதிகம். பிரச்சினை வேறு இடத்தில் வரும்: கற்றையின் செறிவு தாங்க முடியாத அளவுக்கு இருக்கும். தகடுகள் வைத்து மட்டுப்படுத்தாவிட்டால் இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றாகப் பதிவாகிக் கணக்கு குழம்பும்.

கோணக்குறி

கருவி "30 டிகிரி" என்று சொன்னால், எங்கிருந்து 30? வானியலில் தளவிளைவுக் கோணத்தை வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி, வானத்தைப் பார்த்தபடி எண்ணுவார்கள். ஆய்வகத்தில் நாமோ கருவியை முன்பக்கமிருந்து பார்க்கிறோம், வானம் இருக்கவேண்டிய இடத்தில் நின்று. இரண்டுக்கும் கடிகாரத் திசை தலைகீழ். கருவியின் உடலில் சுழிக்கோணத்தைக் கோடாகப் பொறித்து, கூடும் திசைக்கு ஓர் அம்பும் போடச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், குளிரில் உரிந்துவிடும். பலூன் கோண்டோலா விண்மீனைத் தொடரும்போது வானத்தின் வடக்கும் கருவியைப் பொறுத்து மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் நேரம் துல்லியமாகப் பதிவாக வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

குளிரும் தாழ் அழுத்தமும்

தென்னிந்தியாவுக்கு மேல் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மைனஸ் 80 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். பலூன் அதைக் கடந்துதான் மேலே போக வேண்டும். டிடெக்டரின் ஆற்றல் அளவுகோல் வெப்பநிலையோடு நகரும். அதனால் அமெரிசியம் கோட்டைப் பல வெப்பநிலைகளில் அளந்து அட்டவணை போடுங்கள். மேலே அழுத்தம் 3 மில்லிபார் அளவுக்கு இறங்கும். தரையில் ஒழுங்காக நிற்கும் உயர் மின்னழுத்தம் அந்த அழுத்தத்தில் பொறி விடலாம். வெற்றிட அறையில் அழுத்தத்தை மெதுவாகக் குறைத்துக்கொண்டே மின்னழுத்தத்தைக் கவனியுங்கள். நேராக முழு வெற்றிடத்துக்குப் போனால் ஆபத்தான பகுதியைத் தாண்டிப் போய்விடுவீர்கள், சோதனை செய்த மாதிரியும் இராது.

மேலே காற்று இன்னும் இருக்கிறது

40 கிலோமீட்டரிலும் தலைக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிராம் காற்று மிச்சம். நேர் உச்சியிலிருந்து வரும் 20 கேஈவி கதிரில் 10 சதவீதம்தான் கருவிக்கு வந்து சேரும். 40 கேஈவியில் ஏறக்குறைய பாதி வரும். விண்மீன் 30 டிகிரி உயரத்துக்குச் சாய்ந்துவிட்டால் காற்றின் தடிமன் இரட்டிப்பாகும். 20 கேஈவியில் 1 சதவீதம்கூடத் தேறாது. காலிபரேஷன் முழுவதும் குறைந்த ஆற்றலில் செய்துவிட்டு, பறக்கும்போது 40-க்கு மேல்தான் தரவு வருகிறது என்று திண்டாடக் கூடாது. எந்த ஆற்றலில் ஃபோட்டான் வரப்போகிறதோ அங்கே நேரத்தைச் செலவிடுங்கள்.

டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் பலூன் தளம் ஹைதராபாத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வெடித்த விண்மீன் ஒன்றின் எச்சமான நண்டு நெபுலா உச்சிக்கு 5 டிகிரிக்குள் வந்து கடக்கும். நண்டு நமக்கு வேண்டப்பட்டவர். ஓஎஸ்ஓ-8 செயற்கைக்கோள் 1970களில் 2.6 கேஈவியில் அதன் தளவிளைவு சுமார் 19 சதவீதம் என்று அளந்தது. உங்கள் ஆற்றலில் அதே எண் வரவேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் பல தளவிளைவுமானிகள் ஆரம்பத்திலேயே அதைப் பார்த்துவிடும். நண்டைச் சிறிது நேரம், அதன் பக்கத்து வெற்று வானத்தைச் சிறிது நேரம் என்று மாறி மாறிப் பாருங்கள். காஸ்மிக் கதிர்ப் பின்னணி மேலே தரையைவிடப் பல மடங்கு, அதுவும் உயரத்தோடு மாறும். காலையில் எடுத்த பின்னணியை மாலைத் தரவில் கழிக்க முடியாது.

இறங்கிய பிறகு

செயற்கைக்கோளில் இல்லாத வசதி ஒன்று பலூனில் உண்டு. கருவி பாராசூட்டில் திரும்பி வரும். எங்கோ வயலில் விழுந்து, லாரியில் குலுங்கி ஆய்வகம் வந்து சேர்ந்ததும் எல்லோரும் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்பார்கள். யாரையும் எதையும் கழற்ற விடாதீர்கள். பறப்பதற்கு முன் வைத்த அதே அமெரிசியம் மூலத்தை, அதே தூரத்தில், அதே நேர்கோட்டில் வைத்துச் சுழி ஓட்டத்தை முழு நேரமும் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு சுழியும் ஒத்துப்போனால் தளவிளைவுள்ள கற்றையை ஒரே ஒரு கோணத்தில் சரிபார்த்தால் போதும். ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசம் 360 டிகிரி வடிவத்திலா, 180 டிகிரி வடிவத்திலா என்று பாருங்கள். முன்னது என்றால் தண்டு நகர்ந்திருக்கும். தரையிறங்கும் அதிர்ச்சியில் அப்படி ஆவதுண்டு, அதனால் பறந்தபோது எடுத்த தரவு பெரும்பாலும் தப்பித்துவிடும். பின்னது என்றால் வெப்பநிலைப் பதிவுகளையும் பிக்சல் பட்டியலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அதன் பிறகு டிடெக்டர் மூடியைத் திறக்கலாம்.